செட்டிங்ஸ் என்னும் சொத்து

கணினியில் வேலை செய்கிறவர்களிடம் உங்களுடைய சொத்து எது என்று கேட்டால், எழுதிய கட்டுரைகள், கட்டி முடித்த புத்தகப் பக்கங்கள், கணக்குகள், புகைப்படங்கள் என்று ஃபைல்களைத்தான் வரிசையாகச் சொல்லுவார்கள். அந்த ஃபைல்களை உண்டாக்குவதற்காக மென்பொருளைத் தங்கள் கைக்கு இசைவாக வருஷக்கணக்கில் திருத்தித் திருத்தி அமைத்துக்கொண்ட ஏற்பாடுகளை, டி.டி.பி. கடைகளில் செட்டிங்ஸ் என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிடுகிற அந்த நூற்றுக்கணக்கான சிறு தீர்மானங்களை, சொத்தாக நினைப்பவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் இருவரோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவர்களிடமிருந்து நான் கற்றதையும், பிற்காலத்தில் நானே பலருக்குச் செய்துகொடுத்தபோது கண்டதையும் எழுதி வைக்க வேண்டும் என்ற ஆசை வெகு நாளாக உண்டு.

1990களின் பிற்பகுதியில் திருவல்லிக்கேணியில், கீழே பைண்டிங் வேலையும் மேலே கணினிகளுமாக இருந்த ஒரு சிறிய ஸ்தாபனத்தில் நான் புத்தகப் பக்கங்கள் கட்டிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு வந்த வேலையில் பெரும்பகுதி ஈழத்து எழுத்தாளர்களுடையது. அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் பாரிஸிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் அனுப்பிய பிரதிகள் பாமினி என்னும் எழுத்துருவில் இருந்ததால், எங்கள் கணினிகளிலும் பாமினியே குடியேறிவிட்டது. இன்றைக்கு யூனிகோடில் சுகமாகத் தட்டச்சு செய்கிற இளைஞர்களுக்கு அந்தக் காலத்து அவஸ்தையைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். ஏனென்றால், செட்டிங்ஸ் என்பது ஏன் எங்களுக்கு உயிர்நாடியாக இருந்தது என்பது அதில்தான் விளங்கும்.

பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுத்தின் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் உட்கார வைக்கப்பட்டிருந்தன. நம் கண்ணுக்கு அது தமிழ். மென்பொருளுக்கோ அது ஆங்கிலந்தான். சிறிய ‘எம்’ இருந்த இடத்தில் அகரமும், பெரிய ‘எம்’ இருந்த இடத்தில் ஆகாரமும் இருந்தன. இப்போது, புதிதாக நிறுவிய மைக்ரோசாஃப்ட் வேர்டு, ஆங்கிலம் எழுதுகிறவனுக்கு உபகாரமாக, ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாகத் தானே மாற்றிவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள். ‘அவன் வந்தான்’ என்று ஒருவர் அடிப்பார். கண்ணெதிரே அது ‘ஆவன் வந்தான்’ என்று ஆகிவிடும். ‘அம்மா’ என்று தொடங்கும் வாக்கியமெல்லாம் ‘ஆம்மா’ என்று நிற்கும். நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றுகிற இன்னோர் உபகாரமும் உண்டு. எழுத்துருவைச் செய்தவர் அந்த இடத்தில் வேறு வடிவத்தை வைத்திருந்தால் அங்கே சம்பந்தமில்லாத எழுத்து வந்து உட்காரும். பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கதை இன்னும் மோசம். அது ஆங்கிலச் சொற்களை அசை பிரித்து வரிக்கடைசியில் சிறுகோடு போட்டு உடைக்கும் வழக்கமுடையதாகையால், ‘மேகம்’ என்ற சொல்லின் இரட்டைக் கொம்பை ஒரு வரியின் கடைசியிலும், அந்தக் கொம்புக்கு உரிய மகரத்தை அடுத்த வரியின் தொடக்கத்திலுமாகப் போட்டு வைத்துவிடும்.

இவற்றையெல்லாம் நிறுத்துவதற்கு அந்தந்த மென்பொருளிலேயே வழி இருந்தது. ஆனால் ஒவ்வொரு வசதியும் வேறு வேறு பட்டியலின் அடியில், வேறு வேறு பெட்டியின் மூலையில், ஒரு சிறு டிக் குறியாக இருக்கும். புதிய கணினி வந்தாலும், பழைய கணினியைத் துடைத்து மறுபடி விண்டோஸ் போட்டாலும், அத்தனையையும் ஞாபகமாகத் தேடி எடுத்து மாற்றிய பிறகே ஒரு வரி தமிழ் அடிக்க முடியும். ஒன்றை மறந்தாலும் அது முந்நூறு பக்கத்துக்குள் ஒளிந்துகொண்டு, மெய்ப்புப் பார்க்கிறவரின் கண்ணுக்கும் தப்பி, அச்சாகி வந்த பிறகு ஆசிரியரின் கடிதமாக நம்மிடம் திரும்பி வரும்.

எங்கள் பிரிவுக்குத் தலைமையாக இருந்த அக்கா இந்த வித்தையில் மிகவும் தேர்ந்தவர். ஆங்கிலத்தில் அவருக்கு அதிகப் பரிச்சயம் கிடையாது; ஆனால் பேஜ்மேக்கரின் எந்தப் பெட்டி எங்கே திறக்கும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். புதிய கணினி ஒன்று வந்த அன்று அவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, “தம்பி, மொதல்ல எந்த ஃபைலும் தெறந்திருக்கக் கூடாது, வெறும் பேஜ்மேக்கர் மட்டும் நிக்கணும்” என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். அந்த மென்பொருளின் மிக முக்கியமான ரகசியம் அதுவே. ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எதை மாற்றினாலும் அந்த மாற்றம் அந்தப் புத்தகத்தோடு போய்விடும். எதையும் திறக்காமல், சாம்பல் நிறத்தில் வெறுமையாக நிற்கும் திரையில் மாற்றினால், அது இனிமேல் பிறக்கப்போகிற எல்லாப் புத்தகங்களுக்கும் விதியாகிவிடும். அக்கா அந்த வெறும் திரையில் அங்குலத்தை மில்லிமீட்டராக்கினார். அமெரிக்கக் கடிதத்தாளின் அளவை டெமி அளவாக்கினார். அசை பிரிப்பதை நிறுத்தினார். எழுத்துருவையும் வரி இடைவெளியையும் பத்தித் தொடக்கத்தையும் வைத்தார். தலைப்பு, உட்தலைப்பு, அடிக்குறிப்பு, செய்யுள் என்று எங்கள் வழக்கப்படியான ஸ்டைல்களையெல்லாம் உண்டாக்கினார்.

எல்லாம் முடிந்ததும் அவர் பேஜ்மேக்கரை மூடினார். மூடிய பிறகுதான் அது எழுதப்படும் என்பது அவருடைய அனுபவம், அது உண்மையும்கூட. பிறகு மென்பொருளின் ஃபோல்டருக்குள் போய், பல அடுக்குகளைக் கடந்து, பிஎம்65.சிஎன்எஃப் என்ற ஒரு சிறிய ஃபைலைக் கண்டுபிடித்து, அதை ஃபிளாப்பியில் பிரதி எடுத்தார். அவ்வளவு நேரம் அவர் செய்த காரியம் முழுவதும் அந்தச் சிறிய ஃபைலுக்குள் இருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்றும் ஞாபகத்தில் இருக்கிறது. அந்தப் பிரதியை அடுத்த கணினியில் அதே இடத்தில் வைத்துவிட்டுப் பேஜ்மேக்கரைத் திறந்தார்; அக்காவின் பேஜ்மேக்கர் அப்படியே அங்கே எழுந்து நின்றது. மறுபுறத்தில், பேஜ்மேக்கர் காரணமில்லாமல் முரண்டு பிடிக்கும் நாட்களில் அதே ஃபைலை அழித்துவிட்டால், மென்பொருள் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். பிறகு ஃபிளாப்பியிலிருந்து நல்ல பிரதியை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பேக்கப் என்பதும் ரிஸ்டோர் என்பதும் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அன்றுதான்.

எல்லா மென்பொருளும் இப்படி ஒரே ஃபைலில் தன் அமைப்பை வைத்துக்கொண்டிருந்தால் நாம் செய்த புண்ணியம். 1992இல் வந்த விண்டோஸ் 3.1 காலத்தில் ஐஎன்ஐ என்று முடியும் ஃபைல்களில், சாதாரண எழுத்தாக, யாரும் நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய விதமாக அவை எழுதப்பட்டன. விண்டோஸ் 95 வந்ததும் எல்லாவற்றையும் ரெஜிஸ்ட்ரி என்ற ஒரே களஞ்சியத்தில் சேர்க்கும் சம்பிரதாயம் தொடங்கியது. சிஸ்டம்.டாட், யூசர்.டாட் என்ற இரண்டு மறைவான ஃபைல்களில் இயந்திரத்தின் விஷயமும் மனிதனின் விஷயமும் தனித்தனியாகப் பதிந்தன. களஞ்சியம் ஒன்றாக இருப்பது சௌகரியம். ஆனால் அது கெட்டால் அத்தனையும் கெடும். மைக்ரோசாஃப்ட்காரர்களுக்கும் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும். விண்டோஸ் 98, ஒழுங்காகத் தொடங்கிய நாட்களின் பிரதிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேமித்து, வழக்கமாக ஐந்து பிரதிகள் கையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டது. டாஸ் திரையில் ஒரு கட்டளை கொடுத்தால் தேதி வாரியாக அவற்றைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும். அந்த ஏற்பாட்டை நான் இன்றும் மெச்சுகிறேன். கடைசிப் பிரதி மட்டும் போதாது, அதற்கு முந்தியதும் வேண்டும் என்ற விவேகம் அதில் இருக்கிறது.

இனி, முதலில் சொன்ன இருவரில் மற்றவரான பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்தாபனத்தில் பிழைதிருத்தம் பார்த்தவர் அவர். ஐயா என்றுதான் எல்லோரும் அழைப்போம். இளமையில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்தவர். எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் இருக்கும் என்பதைப் பார்க்காமலே எடுத்துக் கோத்த கை அது. அறுபது வயதுக்கு மேல் கணினிக்கு வந்தவர், பழைய இலக்கண உரைகளின் பதிப்புகளுக்குப் பொருளடைவும் சொல்லடைவும் தாமே தட்டச்சு செய்வார். நச்சினார்க்கினியர், பரிமேலழகர், சேனாவரையர், இளம்பூரணர் என்ற பெயர்களை ஒரு நாளில் எத்தனை தடவை அடிக்க வேண்டும்! அதற்கு அவர் வேர்டின் ஆட்டோகரெக்டைப் பழக்கிக்கொண்டார். அதிலே முன்னமே நிரம்பிக் கிடந்த ஆங்கிலப் பிழைகளுக்கான பதிவுகளை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, அந்த இடத்தில் தம்முடைய குறுக்கங்களை ஏற்றினார். ‘பமே’ என்று அடித்து இடம் விட்டால் பரிமேலழகர் வருவார். ‘நகி’ என்றால் நச்சினார்க்கினியர்.

குறுக்கங்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர் காட்டிய நுட்பத்தை நான் எத்தனையோ தடவை வியந்திருக்கிறேன். ‘பரி’ என்று வைத்துக்கொண்டால் குதிரையைப் பற்றி எழுதும்போது உரையாசிரியர் வந்து நிற்பார். ஆகையால் தமிழில் சொல்லாக வழங்காத கூட்டெழுத்தாக இருக்க வேண்டும். அன்றியும், பாமினியில் புள்ளி என்பது ஆங்கிலத்தின் அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் இருக்கிறது. அரைப்புள்ளியை அடித்ததும் ஒரு சொல் முடிந்துவிட்டது என்று வேர்டு எண்ணிக்கொண்டு, குறுக்கத்தை அந்த இடத்திலேயே விரித்துவிடும். எனவே, மெய்யெழுத்து வருகிற குறுக்கம் உதவாது. ‘நச்’ என்று வைக்க முடியாது. இந்த விதிகளையெல்லாம் அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. நாள்தோறும் அடித்து, தவறியதைக் கவனித்து, காரணத்தை யோசித்துத் தாமே கண்டவை. சில வருஷங்களில் பெயர்கள், நூற்பெயர்கள், ‘என்பது பெறப்படும்’, ‘என்று உரைப்பாரும் உளர்’ போன்ற உரைமரபுத் தொடர்கள், அடிக்கடி பிழையாக விழும் சொற்களுக்குத் திருத்தம் என்று அவருடைய பட்டியல் வெகுவாக வளர்ந்தது. என்னுடைய அபிப்பிராயத்தில் அது ஒரு நூலுக்குச் சமானமான உழைப்பு.

ஒருநாள் அவருடைய கணினியின் ஹார்ட் டிஸ்க் சத்தம் போடத் தொடங்கியது. பராமரிப்புக்கு வருகிற இளைஞர், நல்ல சுறுசுறுப்புள்ளவர், மறுநாளே புதிய டிஸ்க் மாட்டி விண்டோஸும் ஆபீஸும் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். “எல்லா ஃபைலையும் சி.டி.ல எடுத்துட்டேன் சார், ஒண்ணுகூட விடல” என்று அவர் சொன்னது அவர் அறிந்த வரையில் முழு உண்மை. மை டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரும், மேசைத் திரையில் இருந்தவையும், டி டிரைவில் இருந்தவையும் ஒன்று விடாமல் வந்திருந்தன. ஐயா உட்கார்ந்து, ‘பமே’ என்று அடித்து இடம் விட்டார். ‘பமே’ என்றே நின்றது. மறுபடியும் அடித்தார். பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தார். அவர் என்றோ நீக்கிய ஆங்கிலப் பதிவுகள் அத்தனையும் வரிசையாக அங்கே திரும்பி வந்திருந்தன. பழைய டிஸ்க்கைக் கேட்டோம். அது மாற்றுக்குக் கொடுக்கப்பட்டுப் போய்விட்டிருந்தது.

ஐயா கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பையனைக் கூப்பிட்டு, “தம்பி, அச்சாபீஸ்ல எழுத்துக் கேஸ் கவுந்துபோனா எழுத்து ஒண்ணும் கொறையாது, எடந்தான் போயிடும். அத மறுபடி அடுக்கற வரைக்கும் அந்தக் கேஸால ஒரு வரி கோக்க முடியாது. இதுவும் அப்படித்தான்” என்று விளக்கிச் சொன்னார். பிறகு, அச்சான சொல்லடைவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டியலை மறுபடி முதலிலிருந்து ஏற்றத் தொடங்கினார். மாதக்கணக்கில் அது நடந்தது. ஆனால், பிழையாக விழும் சொற்களுக்கு அவர் வைத்திருந்த திருத்தங்கள் முழுமையாகத் திரும்பவேயில்லை. எந்தச் சொல்லில் கை தவறும் என்பது கை தவறும்போதுதானே தெரியும்!

அந்த நஷ்டத்துக்குப் பிறகே அக்காவும் நானும் உட்கார்ந்து, ஒரு மனிதன் பழக்கிய வேர்டு எங்கெங்கே இருக்கிறது என்று ஆராய்ந்தோம். மூன்று இடங்களில் அது சிதறிக் கிடந்தது. ஸ்டைல்களும் மேக்ரோக்களும், எழுத்து அலங்காரத்தோடு சேர்த்து வைத்த ஆட்டோகரெக்ட் பதிவுகளும் நார்மல்.டாட் என்ற வார்ப்புருவில் இருந்தன. அலங்காரம் இல்லாத சாதாரணப் பதிவுகள், ஐயாவின் பட்டியலில் பெரும்பகுதி, எம்எஸ்ஓ1033.ஏசிஎல் என்ற தனி ஃபைலில், அப்ளிகேஷன் டேட்டா என்ற ஃபோல்டருக்குள் இருந்தன. 1033 என்பது அமெரிக்க ஆங்கிலத்துக்கு உரிய எண், பாமினித் தமிழை வேர்டு ஆங்கிலமாகவே எண்ணியதற்கு அதுவே சாட்சி. முதல் எழுத்தை மாற்றாதே, மேற்கோள் குறியை வளைக்காதே என்ற டிக் குறிகளோ ரெஜிஸ்ட்ரியில் இருந்தன. இந்த மூன்றில் எதுவும் மை டாக்குமெண்ட்ஸில் இல்லை. நார்மல்.டாட்டை மட்டும் காப்பாற்றியவர்கள் எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் பிற்காலத்தில் பல இடங்களில் கண்டேன்.

இன்னொன்றையும் அப்போது கண்டோம். வேர்டு 2000ஓடு சப்போர்ட்9.டாட் என்று ஒரு வார்ப்புருவை மைக்ரோசாஃப்டே கொடுத்திருந்தது. அதிலுள்ள மேக்ரோவை ஓட்டினால் ஆட்டோகரெக்ட் பட்டியல் முழுவதும் ஓர் அட்டவணையாக, சாதாரண வேர்டு ஃபைலில் வந்து இறங்கும். குறுக்கம் ஒரு கட்டத்தில், விரிவு அடுத்த கட்டத்தில். மீண்டும் வளர்ந்துகொண்டிருந்த ஐயாவின் பட்டியலை அவ்வாறு இறக்கி அச்செடுத்துக் கொடுத்தபோது, அவர் அதைக் கையில் வாங்கியதும் சிவப்புப் பேனாவை எடுத்து மெய்ப்புப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அது முதல் எங்கள் ஸ்தாபனத்தில் சனிக்கிழமை மாலை என்றால் செட்டிங்ஸ் பேக்கப் என்று ஆயிற்று. அக்கா அதோடு நிற்கவில்லை. எடுத்த பிரதியை வேறொரு கணினியில் போட்டு, ‘பமே’ என்று அடித்துப் பரிமேலழகர் வருகிறாரா என்று பார்த்த பிறகே சி.டி.யின் மேல் தேதி எழுதுவார். இந்தப் பரீட்சையைச் செய்யாத பேக்கப் வெறும் நம்பிக்கைதான் என்பது அவருடைய திடமான கொள்கை. நானும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டவன். அவரிடம் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகமும் இருந்தது. எந்த மென்பொருளில் எந்தப் பட்டியலின் கீழே எந்தப் பெட்டியில் எதை மாற்ற வேண்டும், ஏன் மாற்ற வேண்டும் என்று தமிழில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். ஃபைல் வேலை செய்யாத இடத்தில் அந்த நோட்டு வேலை செய்தது. வேர்டு, ரெஜிஸ்ட்ரியில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி அறை வைத்திருந்ததால், பழைய பதிப்பின் டிக் குறிகளைப் பிரதி எடுத்துப் புதிய பதிப்புக்குக் கொடுத்தாலும் அது அவற்றைக் கண்டுகொள்ளாது; அப்போதெல்லாம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கையால்தான் மாற்றினோம்.

இந்தத் துன்பத்தைப் போக்குவதற்கென்றே மைக்ரோசாஃப்ட் சில கருவிகளைக் கொடுத்தது. 2001இல் வந்த ஆபீஸ் எக்ஸ்பி, அமைப்புகளையெல்லாம் திரட்டி ஓபிஎஸ் என்று முடியும் ஒரே ஃபைலாகக் கட்டிக் கொடுத்தது, ஆபீஸ் 2003லும் அது இருந்தது, 2007இல் காணாமற்போயிற்று. விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபைல்களையும் செட்டிங்ஸையும் இடம் மாற்றும் கருவி ஒன்று வந்தது. விஸ்டாவில் அது ஈஸி டிரான்ஸ்ஃபர் என்று பெயர் மாறி வந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10இல் அதுவும் இல்லை. கருவி இருந்த வரையில் அதனால் பெரும் உபகாரம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கட்டிக் கொடுத்த மூட்டையை அவிழ்க்க அதே கருவி வேண்டும். கருவி மறைந்தால் மூட்டை பிரயோஜனமில்லை. ஐயாவின் அட்டவணையோ எந்தக் காலத்திலும் யாராலும் படிக்கத்தக்க எழுத்து. முடிந்த வரையில் படிக்கக்கூடிய எழுத்தாகப் பிரதி எடுத்து வை என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

சில வருஷங்கள் கழித்து, கோயம்புத்தூரிலிருந்த மொழிபெயர்ப்பாள நண்பர் ஒருவர், புதிய கணினி வாங்கிய கையோடு எனக்குத் தொலைபேசினார். பழைய கணினியின் ஃபயர்பாக்ஸ் ப்ரொஃபைலை அவர் முன்யோசனையோடு பிரதி எடுத்து வைத்திருந்தார். எட்டு எழுத்துகள் தாறுமாறாகச் சேர்ந்த பெயரோடு இருக்கும் அந்த ஃபோல்டருக்குள் புக்மார்க்குகள், கடவுச்சொற்கள், விருப்ப அமைப்புகள் எல்லாம் இருக்கும். “சார், பிரெஃப்ஸ்.ஜேஎஸ் ஃபைலை வைக்கறேன், மூடித் தெறந்தா பழைய மாதிரியே இல்லை” என்று அவர் வருந்தினார். ஃபயர்பாக்ஸ் திறந்திருக்கும்போது ஃபைலை வைத்திருந்தார் என்று விசாரித்ததில் தெரிந்தது. அந்த மென்பொருள் தன் அமைப்புகளை நினைவகத்தில் ஏந்திக்கொண்டிருந்து, மூடும் நேரத்தில் அவற்றை ஃபைலில் எழுதிவிட்டுப் போகும். நாம் நடுவில் எதை வைத்தாலும் அது அதன்மேல் எழுதிவிடும். மூடிவிட்டு வைக்கச் சொன்னேன், சரியாகிவிட்டது. கடவுச்சொற்கள் மட்டும் வரவில்லை. அந்தக் காலத்தில் அவை ஒரு ஃபைலிலும் அவற்றைத் திறக்கும் சாவி கீ3.டிபி என்ற இன்னொரு ஃபைலிலும் இருந்தன. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் உண்டு. இரண்டையும் ஒன்றாக வைத்த பிறகு அவையும் வந்தன. மூடு, பிறகு வை, பிறகு திற என்ற மூன்று வார்த்தைகளை அக்கா பேஜ்மேக்கரில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். மென்பொருள் மாறினாலும் அந்த விதி மாறவில்லை.

லினக்ஸ் உபயோகிக்கும் நண்பர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட வெகு தூரம் முன்னேறியவர்கள். அவர்களுடைய மென்பொருள்களின் அமைப்புகள் பெரும்பாலும் சாதாரண எழுத்து ஃபைல்களாக, பெயரின் முதலில் ஒரு புள்ளியோடு, அவரவர் வீட்டு ஃபோல்டரில் மறைந்திருக்கும். அவை மறைந்திருப்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. யூனிக்ஸ் உருவான காலத்தில், ஒவ்வொரு ஃபோல்டரிலும் தோன்றும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரண்டு பதிவுகளைப் பட்டியலில் காட்டாமலிருப்பதற்காக, புள்ளியில் தொடங்கும் எதையும் விட்டுவிடு என்று யாரோ சுருக்கமாக எழுதிவிட்டார்கள். அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களும் மறைந்தன, மறைவு வேண்டிய ஃபைல்களுக்கெல்லாம் அதுவே புகலிடமாயிற்று என்று யூனிக்ஸ் முன்னோடிகளில் ஒருவரான ராப் பைக் 2012இல் எழுதியிருக்கிறார். அந்த நண்பர்கள் தங்கள் புள்ளி ஃபைல்களையெல்லாம் கிட் என்ற மென்பொருளில் வைத்து, என்றைக்கு எதை ஏன் மாற்றினோம் என்ற குறிப்போடு காப்பாற்றுகிறார்கள். அக்காவின் நோட்டும் சி.டி.யும் ஒன்றாகச் சேர்ந்தது போன்ற அந்த ஏற்பாட்டை முதலில் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல.

காப்பாற்றியதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மீட்பதும் ஆபத்தே. பழைய பிரிண்டரின் பெயர், இல்லாத டி டிரைவின் முகவரி, வேறு அளவுத் திரைக்கு வைத்த ஜன்னல்கள் ஆகியவை புதிய கணினிக்கு வந்தால் தொல்லைதான் தரும். ரெஜிஸ்ட்ரியிலிருந்து இறக்கிய ஃபைலைத் திரும்ப ஏற்றினால் அது இருப்பதோடு சேர்க்குமே தவிர, நடுவில் புகுந்த வேண்டாததை நீக்காது. இதைவிடக் கொடியது வேறொன்று. 1995இல் கான்செப்ட் என்ற மேக்ரோ வைரஸ் பரவிய நாள் முதல் அந்த இனத்து வைரஸ்கள் குடியிருக்கத் தேர்ந்தெடுத்த இடம் நார்மல்.டாட், நோய் பிடித்த நார்மல்.டாட்டைப் பயபக்தியோடு பிரதி எடுத்து, துடைத்துச் சுத்தம் செய்த கணினியில் திரும்ப வைத்து, நோயையும் சேர்த்து மீட்ட அலுவலகங்கள் எனக்குத் தெரியும். அதனால்தான் அக்கா பழைய சி.டி.க்களை எறியாமல் தேதி வரிசையில் வைத்திருந்தார்.

பாமினியின் காலம் எங்களுக்கு முடிந்துவிட்டது. 2010இல் தமிழ்நாடு அரசே யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகு புத்தகங்களும் மெல்ல மெல்ல அதற்கு மாறின. வாக்கியத்தின் முதல் அகரம் ஆகாரமாகும் பயம் இல்லை. ஐயாவின் அட்டவணையை யூனிகோடுக்கு மாற்றினோம். வேர்டு இப்போது தமிழைத் தமிழாகவே அறிவதால், பதிவுகள் தமிழுக்கு உரிய 1097 என்ற எண்ணுள்ள ஃபைலுக்குப் போயின. புள்ளி வைத்த எழுத்து இப்போது சொல்லை முறிப்பதில்லையாகையால் ‘நச்’ என்ற குறுக்கத்தையும் அவர் விரும்பியபடியே சேர்த்துக்கொண்டார். அந்தப் பட்டியலை இன்றும் இலக்கண நூல் பதிப்பிக்கும் சிலர் உபயோகிக்கிறார்கள்.

உங்கள் கணக்கில் நுழைந்தாலே எல்லாம் தானாக வந்துவிடுமே என்று இக்காலத்து இளைஞர்கள் சொல்லுகிறார்கள். பல விஷயங்கள் வருகின்றன என்பது உண்மைதான். 2011இல் ஃபயர்பாக்ஸ் 4ஓடு ஒத்திசைவு உள்ளேயே வந்ததிலிருந்து புக்மார்க்குகளுக்காக யாரும் என்னை அழைப்பதில்லை. ஆனால், ஒத்திசைவு என்பது பிரதி அன்று. இங்கே தவறுதலாக அழித்தது அங்கேயும் அழிந்துவிடும். நீங்களாகச் சேர்த்த சொற்கள் அடங்கிய அகராதி, பழக்கிய ஆட்டோகரெக்ட், விசைப்பலகை ஏற்பாடு, பக்கம் கட்டும் மென்பொருளின் ஸ்டைல்கள் ஆகியவற்றில் எது கணக்கோடு வரும், எது வராது என்பதை நீங்களே சோதித்து அறிய வேண்டும். ஆகவே, இதைப் படிப்பவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: நீங்கள் அன்றாடம் உபயோகிக்கும் மென்பொருளில் ஒன்றை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் அமைப்புகளை எங்கே வைத்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடியுங்கள், மென்பொருளை மூடிவிட்டுப் பிரதி எடுங்கள், அந்தப் பிரதியை வேறொரு கணினியில் வைத்துத் திறந்து, உங்கள் கைக்குப் பழகிய மென்பொருள் அங்கே வருகிறதா என்று பார்த்த பிறகு அதன்மேல் தேதி எழுதுங்கள்.